ஓபன் கேமரா ஆப்: அம்மா முகமும் வேணும், ஜன்னலும் வேணும்

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடி. பெரிய ஜன்னல் என்று வீட்டில் இருப்பது ஒன்றுதான், கிழக்குப் பார்த்தது. அம்மாவின் தையல் மிஷின் அந்த ஜன்னலை ஒட்டித்தான் கிடக்கிறது, ஊசியில் நூல் கோக்கிற அளவுக்கு வெளிச்சம் அங்கே மட்டும்தான் வரும். காலை ஒன்பது மணிக்கு அம்மா அதில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிறபோது சமையலறை வாசலில் நின்று பார்த்தால் எல்லாமே தெரியும்: எதிர் பிளாக் மொட்டைமாடியில் காய்கிற துணிகள், அதற்கு மேலே வானம், ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் வெயில், அறைப் பக்கத்துக் கன்னத்தில் நிழல், அந்த நிழலுக்குள்ளேயும் மின்னுகிற மூக்குத்தி. இதை ஒரே படத்தில் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

போனில் சும்மா எடுத்தால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். முகத்தைத் தொட்டு எடுத்தால் ஜன்னல் மொத்தமும் வெள்ளைக் காகிதம். ஜன்னலைத் தொட்டு எடுத்தால் அம்மா வெறும் நிழல் உருவம். போனோடு வந்த கேமராவில் எச்டிஆர், அதாவது வெளிச்சமும் இருட்டும் ஒரே படத்தில் தெரிவதற்காகப் பல படங்களைச் சேர்க்கிற வசதி, தானாகவே போட்டுக்கொள்ளும், அப்போது ஜன்னலும் தெரியும் முகமும் தெரியும், ஆனால் அந்த முகம் அம்மாவுடையது இல்லை. நல்ல கறுப்பு அம்மா, எங்கள் வீட்டில் எல்லோருமே அந்த நிறம்தான். படத்தில் ஏதோ சாம்பலும் ரோஸும் கலந்த ஒரு வெளுப்பு. அம்மா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடா, எனக்கு ஏன் பவுடர் அப்பி வச்சிருக்க?" என்று கேட்டார். பியூட்டி செட்டிங்கை எல்லாம் ஏற்கெனவே அணைத்து வைத்திருந்தேன். அப்படியும் இப்படித்தான் வந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஓபன் கேமராவுக்கு வந்து சேர்ந்தேன். ஆறு மாதமாக வீட்டிலும் காசிமேட்டிலும் எண்ணூரிலும் இதை வைத்துத்தான் எடுக்கிறேன். ஆண்ட்ராய்டு ஆப், இலவசம், விளம்பரம் இல்லை, மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பிளே ஸ்டோரிலும், இப்படித் திறந்த மூலநிரல் ஆப்களுக்கான எஃப்-டிராய்டிலும் கிடைக்கிறது. திறந்தவுடன் அழகாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன், பட்டன்கள் திரையெங்கும் பரவிக் கிடக்கும். ஆனால் வேறு இடத்தில் சுலபமாகக் கிடைக்காத ஒன்றை இது தருகிறது: அடுத்தடுத்து வேறு வேறு எக்ஸ்போஷரில், அதாவது உள்ளே விடுகிற வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும், எடுத்த படங்களைத் தனித்தனியாக நம் கையிலேயே கொடுத்துவிடுகிறது. எப்படிச் சேர்ப்பது என்பதை நாம் முடிவு செய்யலாம்.

இது ஏன் தேவைப்படுகிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் தெருவில் தண்ணி லாரி வரும்போது நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம், வெளிச்சம்தான் தண்ணீர். போன் சென்சார் என்றால் குடம்கூட இல்லை, சொம்பு. வெயில் விழுகிற துணிக்கு நேராக இருக்கும் சொம்பு ஒரு நொடியில் நிரம்பி வழிந்துவிடும். வழிந்த பிறகு எவ்வளவு ஊற்றினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, நிரம்பியது என்பது மட்டும்தான் தெரியும், அதுதான் வெள்ளையாகிப் போன ஜன்னல். இன்னொரு பக்கம் அறைக்குள் நிழலுக்கு நேராக இருக்கும் சொம்பில் நாலு சொட்டு விழுந்திருக்கும், ஆனால் கழுவி வைத்த சொம்பில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிற ஈரம் எது, புதிதாக விழுந்த சொட்டு எது என்று பிரிக்க முடியாது. நிழலில் நாம் பார்க்கிற அந்தப் புள்ளிப் புள்ளியான நாய்ஸ் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வழிவதற்கும் ஈரத்துக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் டைனமிக் ரேஞ்ச்.

அந்த இடம் எவ்வளவு வேண்டும் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். நேர் வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் வெளிச்சம், எங்கள் வீட்டு அறை மாதிரி ஓர் இடத்தில் 100 லக்ஸ் இருந்தாலே அதிகம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு, அப்படிப் பத்து ஸ்டாப் ஏறினால் 1,024 மடங்கு. இது ஜன்னலுக்கு வெளியேயும் உள்ளேயும் இருக்கும் சராசரிக்கு நடுவிலான தூரம் மட்டும்தான். உள்ளே இருக்கிற கறுப்பு நூல்கண்டும் வெளியே இருக்கிற வெள்ளை வேட்டியும் அதற்கும் அப்பால் இரண்டு பக்கமும் தள்ளி நிற்கின்றன. நம் கண் மட்டும் எப்படிச் சமாளிக்கிறது என்றால், அதுவும் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்கிறது. விம்கோ நகர் போகிற மெட்ரோ தண்டையார்பேட்டை ஸ்டேஷனைத் தாண்டி சுரங்கத்திலிருந்து மேலே ஏறும்போது ஒரு கணம் கண் கூசி, அப்புறம் வெளியே எல்லாம் தெளியும் இல்லையா, அதே வேலையை ஜன்னலுக்கும் மிஷினுக்கும் நடுவில் கண் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. கேமராவுக்குக் கிடைப்பது ஒரே பார்வை. அதனால் அதற்கு மூன்று, ஐந்து பார்வைகள் கொடுக்கிறோம். ஒன்று வழியாத அளவுக்குக் குறைவாக, ஒன்று நடுவில், ஒன்று நிழலில் இருக்கும் சொம்பும் நிரம்புகிற அளவுக்கு அதிகமாக.

இந்த யோசனை பழசு. 1850களிலேயே குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே காகிதத்தில் அச்சடித்தார். நம் ராயபுரம் ஸ்டேஷன் திறந்ததும் அதே பத்தாண்டில்தான், 1856இல். கடற்கரையில் நின்று படமெடுக்கிற யாருக்கும் அவருடைய சிக்கல் உடனே புரியும். டிஜிட்டலில் பல எக்ஸ்போஷரைச் சேர்த்து உண்மையான வெளிச்ச அளவைக் கணக்கிடும் முறையை டெபெவெக், மாலிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் வெளியிட்டார்கள். 2010இல் ஐபோன் 4இல் எச்டிஆர் வந்தபிறகு இது எல்லோர் சட்டைப் பைக்குள்ளும் போய்விட்டது.

இப்போதைய போன்கள் பலவற்றில் நடப்பது கொஞ்சம் வேறு. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில் எல்லாப் படமும் ஒரே எக்ஸ்போஷர்தான், அதுவும் வேண்டுமென்றே குறைவாக, மளமளவென்று எடுத்துத் தள்ளுகிறது. எல்லாமே குறைவு என்பதால் ஜன்னல் வழியாது. எல்லாமே ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்துவதும் சுலபம். நிழலில் இருக்கிற நாய்ஸ் படத்துக்குப் படம் வேறு வேறு இடத்தில் விழுவதால், சராசரி எடுக்கும்போது அது அடங்கிவிடும். நாலு படம் சேர்த்தால் நாய்ஸ் பாதி, ஒன்பது சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு. அருமையான வழி, கை நடுங்கினாலும் ஓடுகிற பிள்ளையானாலும் ஓரளவு தாங்கும். ஓபன் கேமராவிலும் என்ஆர் என்று ஒரு மோடு இதே வகையில் பல படங்களைச் சேர்த்து நாய்ஸைக் குறைக்கிறது, ராத்திரியில் தெருவை எடுக்க நான் அதைத்தான் போடுகிறேன். எச்டிஆர் என்று இன்னொன்று இருக்கிறது, அது மூன்று எக்ஸ்போஷரை எடுத்துத் தானே சேர்த்துக் கொடுக்கும், மூலப் படங்களையும் வைத்துக்கொள் என்று செட்டிங்ஸில் சொல்லிவிடலாம். ஆனால் நான் அதிகம் பயன்படுத்துவது எக்ஸ்போ என்ற மோடு. எத்தனை படம், எத்தனை ஸ்டாப் இடைவெளி என்று நாம் சொல்கிறோம், அது ஷட்டர் நேரத்தை மாற்றி மாற்றி எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எங்கள் வீட்டு ஜன்னலுக்கு மூன்று படம், இரண்டு ஸ்டாப் இடைவெளி. உச்சி வெயில் என்றால் ஐந்து.

இனி பவுடர் விஷயத்துக்கு வருகிறேன். படங்களைச் சேர்ப்பதற்கு நான் கம்ப்யூட்டரில் படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்துகிற ஹ்யூகின் என்ற இலவச மென்பொருளையும், அதோடு வரும், பொருத்தியதைக் கலக்கித் தருகிற என்ஃபியூஸையும் பயன்படுத்துகிறேன். பழைய லேப்டாப்தான், கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிடும். என்ஃபியூஸ் வேலை செய்கிற விதம் 2007இல் மெர்ட்டன்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் சொன்ன முறை. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று படத்தில் எது நல்லது என்று மதிப்பெண் போடும், அதிக மதிப்பெண் வாங்கியது அதிகமாகக் கலக்கும். இந்த மதிப்பெண் முக்கியமாக எப்படி என்றால், கறுப்பு 0, வெள்ளை 1 என்று வைத்துக்கொண்டு, 0.5க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதாவது நடுச் சாம்பல்தான் சரியான எக்ஸ்போஷர் என்பது அதன் நம்பிக்கை.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது. அம்மாவின் நிழல் பக்கக் கன்னம் நடுப் படத்தில், சரியாக எடுத்த படத்தில், 0.25 பக்கம் இருக்கிறது. அதுதான் அந்த நிறம், அந்த நேரத்தில் அந்த அறையில் என் கண் பார்த்த நிறம். ஆனால் அதே கன்னம் அதிக எக்ஸ்போஷர் படத்தில் 0.5க்கு ஏறியிருக்கிறது. கணக்குக்குப் பிடித்தது அதுதான். அதனால் உண்மையான கன்னத்தை விட்டுவிட்டு வெளுத்த கன்னத்தை எடுத்துக்கொள்கிறது. யாரும் உட்கார்ந்து கறுப்பு மனிதர்களை வெளுக்க வேண்டும் என்று எழுதவில்லை, நடுச் சாம்பலில் இருப்பதே நல்ல படம் என்று எழுதினார்கள், அது எங்கள் முகத்தின்மேல் வந்து விழுகிறபோது பவுடராக ஆகிறது. என் போன் உள்ளே என்ன கணக்குப் போடுகிறது என்பது வெளியில் தெரியாது, ஆனால் இங்கே எண் கண்ணெதிரே இருக்கிறது, மாற்றவும் முடிகிறது. 2021இல் கூகுளே தன் பிக்சல் போன்களுக்கு ரியல் டோன் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்து கறுத்த தோலைச் சரியாகக் காட்ட மெனக்கெட்டது என்றால், இது நம் மனப்பிரமை இல்லை.

என்ஃபியூஸில் அந்த 0.5ஐ மாற்ற ஓர் ஆப்ஷன் உண்டு. 0.35 என்று வைத்தேன். ஜன்னல் அப்படியே இருந்தது, வேட்டியின் மடிப்புகூட தெரிந்தது. அறை அறையாக இருந்தது, அதாவது கொஞ்சம் இருட்டாக. அம்மா அம்மாவாக இருந்தார். 0.3க்குப் போனால் ஜாக்கெட் துணியின் மஞ்சள் அழுக்காகிறது, அதனால் 0.35க்கும் 0.4க்கும் நடுவில் படத்துக்குப் படம் பார்த்துக்கொள்கிறேன். எச்டிஆர் என்றாலே எல்லா நிழலையும் தூக்கி வெளிச்சத்தில் போட வேண்டும் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நிழலுக்குள் இருப்பது தெரிந்தால் போதும், நிழல் போய்விடக்கூடாது.

சரி, எங்கே இது சொதப்பும் என்பதையும் சொல்ல வேண்டும். அசைகிற எதுவும் சிக்கல்தான். வெளிச்சமான இடத்தில் என் போனில் மூன்று படமும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது, ஆனால் அந்த ஒரு நொடி போதும். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் நடக்கும்போது எடுத்துப் பார்த்தேன். சூரியன் கடலுக்கு மேலே நேராக முகத்தில் அடிக்கிறது, இந்தப் பக்கம் கூடை வைத்து உட்கார்ந்திருக்கிற அக்காமார்களின் முகம் மொத்தமும் நிழலில், இப்படிப் பல எக்ஸ்போஷரில் எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று தோன்றும். வீட்டுக்கு வந்து சேர்த்தால் ஐஸ் பெட்டி தூக்கிப் போகிற அண்ணனுக்கு மூன்று கால், காக்கைகள் எல்லாம் மும்மூன்றாக. என்ஃபியூஸ் இந்தப் பேயை எல்லாம் தானாக ஓட்டாது. அப்படிப்பட்ட இடத்துக்கு நான் இப்போது செய்வது, ஆட்கள் இருக்கும் பகுதியை ஒரே ஒரு படத்திலிருந்து மட்டும் எடுத்து கிம்ப் என்ற படம் திருத்துகிற மென்பொருளில் மாஸ்க் போட்டு மேலே வைப்பது. அரை மணி நேர வேலை, எல்லாப் படத்துக்கும் செய்ய முடியாது.

அதே காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போய்ப் பாருங்கள். விசைப்படகு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக் கிடக்கும், வலை பின்னுகிறவர்கள் ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள், பெயின்ட் அடிக்கிறவர்களும் அப்படித்தான். எங்கள் மாமா ஒரு விசைப்படகில் வேலை செய்கிறார், அவர் படகின் நிழலில் உட்கார்ந்து வலை தைக்கிற படம்தான் இதுவரை நான் எடுத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது. படகின் நீல பெயின்ட் வெயிலில் எரிகிறது, அடியில் மாமாவின் கை, விரலில் நரம்பு, நைலான் முடிச்சு ஒவ்வொன்றும் தெரிகிறது. படகு அலையில் லேசாக ஆடியது, ஹ்யூகின் பொருத்தியும் கொடிக்கம்பத்தின் நுனியில் மட்டும் ஓர் இரட்டைக்கோடு நின்றுவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இன்னொரு சிக்கல் டியூப் லைட். இதை யாரும் எனக்கு முன்னாடி சொல்லவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்போ மோடில் குறைவான எக்ஸ்போஷர் படத்துக்கு ஷட்டர் 1/400, 1/800 நொடி என்று போகும்போது சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிற நேரத்துக்குள் விளக்கு ஏறி இறங்கிவிடும், படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது கடைக்குள்ளிருந்து தெருவைப் பார்த்து எடுத்த படங்கள் இப்படித்தான் வீணாயின. வழி இதுதான்: விளக்குதான் முக்கிய வெளிச்சம் என்றால் ஷட்டர் நேரம் 1/100 நொடியைவிடக் குறையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், 1/100, 1/50, 1/25 என்று வைத்தால் கோடு வராது. வீட்டில் என்றால் நான் டியூப் லைட்டை அணைத்துவிடுகிறேன், ஜன்னல் வெளிச்சமே போதும்.

எண்ணூரைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தபோது நானும் நண்பனும் போய் எடுத்தோம். அப்போது என்னிடம் இந்த ஆப் இல்லை, போனின் தானியங்கி எச்டிஆர்தான். அலையாத்தி வேர்களில் எண்ணெய் கெட்டியாக, தார் மாதிரி ஒட்டியிருந்தது. படத்தில் அது ஏதோ பழுப்பு நிறச் சேறு போல வந்திருக்கிறது. நிழல் தூக்கிவிடப்பட்டது, கறுப்பு கறுப்பாக இல்லை. மேலே வெளிறிய வானமும் நன்றாக நீலம் ஏற்றப்பட்டு அழகாக இருக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்த ஒருவர் "இவ்வளவுதானா?" என்று கேட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. எச்டிஆர் கணக்கு என் அம்மாவின் முகத்தில் செய்ததைத்தான் அங்கே ஆற்றிலும் செய்தது. இப்போது காட்டுக்குப்பம் பக்கம் போகிறபோதெல்லாம் எக்ஸ்போ மோடில் எடுத்து மூலப் படங்களை அழிக்காமல் வைத்துக்கொள்கிறேன். யாராவது கேட்டால் சேர்த்த படத்தோடு சேர்க்காததையும் காட்டலாம்.

ஆப் பக்கம் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு மூன்று உண்டு. செட்டிங்ஸில் கேமரா ஏபிஐ என்று இருக்கும், அதை கேமரா2 என்று மாற்றினால்தான் எச்டிஆர், எக்ஸ்போ, என்ஆர் மோடுகள் தெரியும். உங்கள் போன் அதை அனுமதிக்கவில்லை என்றால் அந்த மோடுகள் வரவே வராது, இது ஆப்பால் சரிசெய்ய முடிகிற விஷயம் இல்லை, அதனால் நிறுவியவுடன் முதலில் இதைப் பாருங்கள். போன் இடம் கொடுத்தால் ரா ஃபைலும், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ஃபைலும், எடுக்கலாம், ஆனால் மெமரி சீக்கிரம் நிரம்பும். பர்மா பஜாரில் 250 ரூபாய்க்கு ஒரு குட்டி ஸ்டாண்ட் வாங்கினேன், அதோடு டைமரையும் போட்டால் பொருத்துகிற வேலை பாதி மிச்சம். பிள்ளைகளின் பிறந்தநாள், வண்டியில் போகும்போது ஜன்னல் வழியாக, கோயில் தேர் என்று இருந்தால் இதைத் திறக்கவே வேண்டாம், போனின் சொந்த கேமராதான் வேகம், அதுதான் சரி. வீட்டுக்குள், கடைக்குள், ராயபுரம் ஸ்டேஷன் மாதிரி பழைய கட்டடத்தின் தூண்களுக்கு நடுவில், உட்கார்ந்து வேலை செய்கிற மனிதர்களை எடுக்கிறீர்கள் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுக்கலாம்.

ஜன்னல் படத்தை லேமினேட் செய்து மிஷினுக்கு மேலேயே மாட்டியிருக்கிறோம். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள் தங்களையும் அதே மாதிரி எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள், நான் ஸ்டாண்டை வைத்துவிட்டு போனைச் சரிசெய்வதற்குள் அம்மா அவர்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்: "மூச்ச இழுத்துப் புடி. மூணு வாட்டி சத்தம் வரும். மூணாவது வர்ற வரிக்கும் சிரிக்காத."